பிலோ அக்கா வளர்த்த குட்டைத் தண்ணீர்

ஊறிப் புளித்த வைக்கோலின் வாடை எங்கே அடித்தாலும் எனக்கு இன்றும் அடையாளம் தெரியும். மழையில் நனைந்த மாட்டுக் கொட்டகை பாதி, பழைய கஞ்சி பாதி, அதற்கு மேல் ரயில்பாதை ஓரத்துக் குட்டையின் சேறு கொஞ்சம். எழுபதுகளின் தொடக்கத்தில், திருவொற்றியூருக்கும் எர்ணாவூருக்கும் நடுவே இருந்த எங்கள் சந்தில், ஒற்றை அறை வீட்டின் ஜன்னல் கட்டை மேல் மூன்று மிட்டாய் பாட்டில்கள் நின்றன. அவற்றுக்கு நேர் கீழே என் பாய். விடிந்ததும் வெயில் அந்தப் பாட்டில்களின் வழியாக வந்து, பழுப்பும் பச்சையுமாக என் போர்வை மேல் விழும்.

பாட்டில்கள் என் அக்கா பிலோமினாவுடையவை. எங்கள் சந்தில் பத்தாம் வகுப்பு வரை போன முதல் பெண் அவள்தான். பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். ஒருத்தி ரோஜாச் செடி கொண்டுவருவதாகச் சொன்னாளாம், இன்னொருத்தி சிப்பி. குட்டைத் தண்ணீர் யாரால் கொண்டுவர முடியும் என்று கமலா டீச்சர் கேட்டபோது எல்லாப் பெண்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, அக்கா மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, "எங்க வூட்டாண்டயே கீது டீச்சர்" என்றாளாம். குட்டைக்காக ஒரு தடவை, 'கீது'க்காக ஒரு தடவை, வகுப்பு இரண்டு தடவை சிரித்தது. தூக்கிய கையை அக்கா இறக்கவில்லை.

வேலை சுலபந்தான். மாட்டுவண்டிப் பேட்டையில் பொறுக்கி வந்த வைக்கோலைக் கொதிக்கவைத்து ஆறவைத்து, அதில் ஒரு கரண்டி குட்டைத் தண்ணீர் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி வைத்தாள். இரண்டாவது பாட்டிலில் குட்டையின் மேல் படர்ந்திருந்த பச்சை. மூன்றாவதில் அடிச்சேறும் அழுகிய இலையும். சில நாளில் வைக்கோல் தண்ணீரின் மேல் ஆடை கட்டியது, அப்புறம் வாடை கிளம்பியது.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் என் அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம், வேலையிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னாமே இது, மன்சன் பட்துக்கிற எடத்துல சாக்கடைய கொணாந்து வெச்சிக்கீற?"

"சாக்கடை இல்ல நைனா. உசுரு. ஒரு சொட்டுல ஒரு திருவிழாக் கூட்டமே கீது."

"திருவிழாவ வெளிய வெச்சிக்கோ. வூட்டுக்குள்ள இன்னாத்துக்கு?"

எதிரே சைக்கிள் கடை போட்டிருந்த காதர் பாய் பஞ்சர் ஒட்டிக்கொண்டே, "கோழி வளக்கறவன பாத்துகீறேன், புறா வளக்கறவன பாத்துகீறேன். தண்ணிய வளக்கற பொண்ண இப்பத்தான் மாமு பாக்கறேன்" என்றார். சந்து முழுக்க அன்று அதே பேச்சு. ஆனாலும் பாட்டில்கள் ஜன்னலில்தான் இருந்தன.

அந்தத் தண்ணீரில் இருந்தவை யார் என்பதை நான் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவர்களைப் பற்றி யாரும் மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை. உடம்பு முழுக்கச் சேர்ந்து ஒரே ஒரு செல், அதற்குள் ஒரு கரு, பெரும்பாலும் அவ்வளவுதான். நமக்கு வயிற்றுக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று தனித்தனி உறுப்பு வேண்டியிருக்கிறது. அவை அந்த ஒரே செல்லை வைத்துக்கொண்டு சாப்பிடும், நகரும், எதிரியைக் கண்டால் விலகும், இரண்டாகப் பிரிந்து பிள்ளையும் பெறும். அக்காவின் புத்தகம் அவற்றை நடக்கும் விதத்தை வைத்து நான்கு கூட்டமாகப் பிரித்திருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் விளக்கடியில் அதை அவள் உரக்கப் படிப்பாள். அம்மா அடுப்படியிலிருந்து கேட்பாள், நான் பாயிலிருந்து கேட்பேன்.

முதலாவது பொய்க்கால் கூட்டம். அமீபா அதில் சேர்ந்தது. தரையில் சிந்திய கஞ்சி ஒரு பக்கமாக ஓடுவதுபோல் ஓடும். கால் வேண்டுமென்றால் உடம்பிலிருந்தே ஒன்றை நீட்டிக்கொள்ளும், வேலை முடிந்ததும் உள்ளே இழுத்துக்கொள்ளும், இரை கிடைத்தால் அந்தக் காலாலேயே வளைத்து விழுங்கிவிடும். இரண்டாவது சாட்டைக் கூட்டம். முன்னால் ஒரு சாட்டையைச் சுழற்றிக்கொண்டு நீந்தும். பச்சைப் பாட்டிலில் இருந்த யூக்ளினா இந்த வகை. வெயிலில் செடிபோலத் தன் சோற்றைத் தானே சமைக்கும், இருட்டில் வைத்தால் தண்ணீரில் கரைந்திருப்பதை உறிஞ்சிப் பிழைத்துக்கொள்ளும். "செடிக்காரங்க எங்களுதுன்றாங்க, மிருகக்காரங்க எங்களுதுன்றாங்க, அது ரெண்டு பேரையும் சட்ட பண்ல" என்று அக்கா சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மூன்றாவது, உடம்பெல்லாம் பூனைமயிர் போன்ற இழைகளை வரிசையாக அசைத்து ஓடும் கூட்டம். வைக்கோல் பாட்டிலில் மண்டிக்கிடந்த பாரமீசியம் இந்த வகைதான். நான்காவது கூட்டத்துக்குக் காலும் இல்லை, சாட்டையும் இல்லை, மயிரும் இல்லை. அடுத்தவர் உடம்புக்குள் குடியிருந்தே பிழைக்கும். "இதுங்க நம்ம பாட்டில்ல இல்ல" என்று சொல்லி அக்கா பக்கத்தைத் திருப்பினாள்.

இந்த நான்கோடு முடியவில்லை என்பது வெகு நாள் கழித்து என் மகளின் பாடநூலைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. கண்ணாடிப் பெட்டிபோல ஓடு கட்டிக்கொண்டு கடலிலும் கால்வாயிலும் மிதக்கும் டயாட்டம், மற்றப் பாசிகள், மழைக்காலத்தில் ரயில்பாதையின் பழைய மரக்கட்டைகளில் நாங்கள் குச்சியால் குத்திப் பார்த்த, ஒரே ராத்திரியில் இடம் மாறிவிடும் அந்த மஞ்சள் சளி, எல்லாவற்றையும் சேர்த்து புரோட்டிஸ்டா என்று எழுதியிருந்தார்கள். செடியில் சேராதது, விலங்கில் சேராதது, காளானிலும் சேராதது எல்லாவற்றையும் போட்டு வைக்க ஓர் அறை. உள்ளே இருப்பவை ஒன்றுக்கொன்று உறவுகூட இல்லையாம். வேறு எங்கும் இடமில்லை என்பதுதான் அவற்றுக்குள் பொது. படித்துவிட்டு நான் சிரித்தேன். எங்கள் சந்தும் அப்படித்தான் இருந்தது. துறைமுகத்திலிருந்து தள்ளப்பட்டவர்கள், ராயபுரத்தில் வாடகை கட்டாதவர்கள், கடல் அரித்த குப்பத்திலிருந்து வந்தவர்கள், காதர் பாய் வீடு, எங்கள் வீடு. எங்களை "கலீஜ் பார்ட்டி" என்று மெயின் ரோட்டுக்காரர்கள் ஒரே பெயரில் முடித்துவிடுவார்கள். எங்களுக்குள் எத்தனை வகை என்று அவர்களில் ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை.

அந்த வருஷம் காய்ச்சல் வந்தது. சந்தில் முதலில் விழுந்தவர்களில் நானும் ஒருவன். சாயங்காலம் துறைமுகச் சங்கு ஊதும் நேரத்துக்குக் குளிர் பிடிக்கும். வீட்டில் இருந்த துணியெல்லாம் போர்த்தினாலும் பல் அடித்துக்கொள்ளும். அப்புறம் அடுப்பாக எரிந்து, வேர்த்துக் கொட்டி விடும். அடுத்த நாள் ஒன்றும் இருக்காது, தெருவில் கோலி ஆடுவேன். அதற்கு அடுத்த நாள் சங்கு ஊதியதும் மறுபடி குளிர். முறைக்காய்ச்சல் என்றார்கள். காக்கிச் சட்டை போட்ட மலேரியாக்காரர் வந்து விரலில் குத்தி, ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டு, கதவில் தேதி எழுதிவிட்டுப் போவார். பாதிப் பேர் அவரைக் கண்டதும் பிள்ளைகளை ஒளித்துவைத்தார்கள். கொடுத்த மாத்திரையும் கசப்பு தாங்காமல் பாதி கூரைமேல் போனது.

எங்களுக்கு வைத்தியம் வேறு இருந்தது. சந்தின் கடற்கரைப் பக்கத்து முனையில் ஒரு கெபி. சிமெண்டுக் குகைக்குள் மாதா, மாதாவின் காலடியில் சிறு தொட்டி, அதில் தெளிந்த தண்ணீர். கட்டிய நாளிலிருந்து அந்தத் தொட்டியை யாரும் வற்றவிட்டதில்லை, இறைத்ததும் இல்லை, குறையக் குறைய மேலே ஊற்றுவதுதான் வழக்கம். மீன் விற்கும் சவுரியம்மாதான் அதற்குப் பொறுப்பு. தினம் கூடையை இறக்கிய கையோடு குளித்துவிட்டு வந்து மேலே விழுந்த இலையைப் பொறுக்குவாள். காய்ச்சல் வந்தால் அந்தத் தண்ணீரைத் தலையில் தெளிப்பாள். காதர் பாய் வீட்டிலிருந்தும் சொம்பு வரும். அந்த வருஷம் காய்ச்சல்காரர்கள் பெருகவும் ஒரு புது ஏற்பாடு செய்தாள். தினமும் பொழுது சாயும் வேளையில் எங்களையெல்லாம் போர்வையோடு கொண்டுவந்து தொட்டியோரம் உட்காரவைக்க, சந்து முழுக்கச் சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை சொல்லும். நான் தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு, கொசுவை அடித்தபடியே அருள் நிறைந்த மரியே சொல்வேன்.

காய்ச்சல் குறையவில்லை. காரணம் யார் என்று சந்து தேடியபோது, வாடை அடித்த ஒரே ஜன்னல் எங்களுடையது.

"இத்தினி வருசமா இல்லாத சீக்கு, அந்தப் பொண்ணு பாட்டில தூக்கிக்கினு வந்தப்புறம் எப்டி வந்துச்சு?" என்று சவுரியம்மா எங்கள் வாசலில் நின்று கேட்டாள். "அதுக்கு நேரா கீழ பட்த்த பையனுக்குத்தான மொதல்ல வந்துச்சு? அதுல உசுரு கீதுன்னு அவளே சொல்லிக்கினு திரியறா."

இந்தக் கணக்கு எல்லோருக்கும் சரியாகப் பட்டது. அம்மாவுக்கும் பட்டது, அதுதான் மோசம். அவள் என் நெற்றியில் கை வைத்துக்கொண்டு பாட்டில்களையே பார்த்தாள். நைனா தீர்ப்புச் சொன்னார். "ஞாயித்துக்கெழம பூசைக்குள்ள பாட்டிலும் போவணும், இஸ்கோலும் போவணும். படிச்சது போதும். உனுக்குப் படிப்பு குடுத்து அவன வாரிக் குடுக்க முடியாது."

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். மறுநாள், என் காய்ச்சல் இல்லாத நாள், அவள் எனக்குச் சட்டை மாட்டிவிட்டு, பாட்டில்களைச் சாக்கில் சுற்றி, என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

கமலா டீச்சர் வைக்கோல் தண்ணீரில் ஒரு சொட்டு வைத்து, ஸ்டூல் போட்டு என்னை ஏற்றி, நுண்ணோக்கிக் குழாய்க்குள் பார்க்கச் சொன்னார். முதலில் என் கண்ணிமைதான் தெரிந்தது. அப்புறம் வெளிச்ச வட்டம், அதற்குள் செருப்பின் அடித்தட்டுகள் போல ஒரு கூட்டம், உருண்டும் திரும்பியும் முட்டினால் பின்வாங்கியும், சங்கு ஊதியதும் ஆலை வாசலில் இறங்கும் ஜனம் போல. இவ்வளவு நாளும் என் தலைமாட்டில் இவ்வளவு நடந்துகொண்டிருந்திருக்கிறது. இறங்கு என்று சொல்லும்வரை நான் இறங்கவில்லை.

அக்கா ஒரே கேள்விதான் கேட்டாள். "டீச்சர், என் தம்பிக்கு வந்தது இதுங்களாலயா?"

இல்லை என்றார் டீச்சர். காய்ச்சல் கிருமி அந்த நான்காவது கூட்டத்தைச் சேர்ந்தது, ரத்தத்தின் சிவப்பணுவுக்குள் புகுந்து, பெருகி, எல்லாம் ஒரே நேரத்தில் உடைத்துக்கொண்டு வெளியே வரும்போது குளிர் பிடிக்கும், அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள். தானாக அதனால் ஓர் அடி நகர முடியாது. ஒருத்தர் ரத்தத்திலிருந்து இன்னொருத்தர் ரத்தத்துக்குக் கொசுதான் தூக்கிப் போக வேண்டும். அந்தக் கொசுவும் சாக்கடையில் முட்டையிடாது, தேங்கிய தெளிந்த தண்ணீரில்தான் இடும். அதன் புழு தண்ணீரின் மேல்மட்டத்தை ஒட்டிப் படுத்தாற்போல் கிடக்கும், மற்றக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும்.

பள்ளியிலிருந்து திரும்பியதும் அக்கா குனிந்துகொண்டே சந்தைச் சுற்றினாள். குட்டையில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. எங்கள் பானைகளில் ஒன்றும் இல்லை. குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம், பிடிப்பது அன்றே தீர்ந்துவிடும், புழு வளர அவகாசம் ஏது. குட்டையை ஒட்டிய குடிசைகளில் காய்ச்சலே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம். விழுந்தவர்கள் எல்லோரும் கடற்கரைப் பக்கம், சாயங்காலமெல்லாம் கெபியோரம் கோலி ஆடிய நானும் சேர்த்து. கடைசியில் அவள் கெபிக்கு வந்து, சிலுவை போட்டுக்கொண்டு, தொட்டிக்குள் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். மாதாவின் முகம் தெரிகிற அளவுக்குத் தெளிந்த தண்ணீர். அதன் மேல் வெட்டிப்போட்ட நூல் துண்டுகள் போலப் புழுக்கள் படுத்துக் கிடந்தன.

அக்கா மறுபடி சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் பக்தி உள்ள பெண். கோயிலில் முதன்முதலாக நற்கருணை, புதுநன்மை, வாங்கியதும் அந்தக் கெபிக்கு முன்னால்தான் முட்டிபோட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜெபமாலைக்கு எல்லோரும் கூடிய பிறகு எழுந்து நின்றாள். கழுவிய பாட்டில் ஒன்றில் தொட்டித் தண்ணீரை மொண்டு வெளிச்சத்துக்குத் தூக்கிக் காட்டினாள். "பாருங்க. காய்ச்சக் கொசு இங்கதான் பொறக்குது. காய்ச்சக்காரங்கள நாமளே கொணாந்து அதுக்கிட்ட ஒக்கார வெக்கிறோம்."

முன்னால் இருந்தவர்கள் பார்த்தார்கள். புழு நெளிந்தது எல்லோருக்கும் தெரிந்தது. பார்த்தால் ஒப்புக்கொள்வார்கள் என்று அக்கா நினைத்திருந்தாள், நானும் நினைத்திருந்தேன்.

"மாதா தண்ணில புழுவா?" என்று சவுரியம்மா எழுந்தாள். "உன் பாட்டில்ல இருந்து வந்ததுதாண்டி அது. சாக்கடையக் கொணாந்து இதுலயும் கலந்துட்டியா?"

"பொம்பளப் புள்ளைக்கு வாயப் பாரு." "அவ நைனாவக் கூப்புடுங்கடா." குரல்கள் நாலு பக்கமும் கிளம்பின. நைனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் கிட்டே வருவதற்குள் அக்கா முழங்கைவரை தொட்டிக்குள் விட்டு, அடியில் துவாரத்தை அடைத்திருந்த துணிச்சுருளைப் பிடுங்கினாள்.

தண்ணீர் வெளியே ஓடியது. அந்தக் காட்சியை நான் மறக்க முடியாது. கத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கத்துவதை விட்டுவிட்டு, சாமித் தண்ணீரை மிதிக்கக் கூடாதென்று கல்மேலும் படிமேலும் ஏறினார்கள். காதர் பாய் சைக்கிள் ஸ்டாண்டின்மேல் ஏறி நின்றார். நைனா ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, அடிக்க ஓங்கிய கையோடு, தண்ணீர் வடியும்வரை அப்படியே நின்றார். வடிந்ததும் அடித்தார். அக்கா விழவில்லை. கன்னத்தைப் பிடிக்கவும் இல்லை.

"அடிச்சிக்கோ நைனா. திருப்பி ரொப்புனா திருப்பியும் தொறப்பேன்."

யாரும் கல்லைவிட்டு இறங்கவில்லை. என் அம்மாதான் அசைந்தாள். வீட்டுக்குப் போய்த் துடைப்பத்தையும் குடிக்க வைத்திருந்த ஒரு குடம் தண்ணீரையும் கொண்டுவந்து, தொட்டிக்குள் கையை விட்டுப் பாசி போகத் தேய்த்தாள். "மாதாவுக்குத் தொட்டி காலியா இருக்கக் கூடாது. நல்ல தண்ணி ஊத்து" என்று குடத்தைச் சவுரியம்மாவிடம் நீட்டினாள். சவுரியம்மா கொஞ்ச நேரம் குடத்தைப் பார்த்தாள். பிறகு வாங்கி ஊற்றினாள்.

நைனா வீட்டுக்கு வந்து அன்று சாப்பிடவில்லை. விடிந்ததும் பூசைக்குக் கிளம்பும்போது அக்காவிடம், "வாரத்துக்கொரு தபா நீயே தொட்டிய கழுவணும். அதான் உனுக்கு தண்டன" என்றார். இஸ்கோலைப் பற்றி அவர் பேசவில்லை. பேசாவிட்டால் சம்மதம் என்று எங்கள் வீட்டில் அர்த்தம். திங்கட்கிழமை அக்கா பாட்டில்களோடு பள்ளிக்கூடம் போனாள்.

காய்ச்சல் மெல்லத்தான் விட்டது. தொட்டி மட்டும் காரணமில்லை, மாத்திரையைக் கூரைமேல் எறிவதை நாங்கள் நிறுத்தியதும் ஒரு காரணம். ஆனால் சந்து அதைச் சொல்லும் விதம் வேறு. மாதா சவுரியம்மாவின் கனவில் வந்து, வாராவாரம் எனக்குப் புதுத் தண்ணி வை என்று கேட்டாளாம், வைத்ததும் காய்ச்சல் ஓடிவிட்டதாம். சவுரியம்மா போய்ச் சேர்ந்து வெகு காலமாயிற்று, கனவு மட்டும் ஒவ்வொரு கெபித் திருவிழாவிலும் மைக்கில் வருகிறது. போன வருஷமும் வந்தது. நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தில் எழுந்து பேசி எனக்குப் பழக்கமில்லை, என் பெயரைக் கேட்டால்கூட ஒரு தடவை எச்சில் விழுங்கிவிட்டுத்தான் சொல்வேன். அதனால் எழுதுகிறேன். கனவில் யாரும் வரவில்லை. துணியைப் பிடுங்கியது என் அக்கா பிலோமினா, பகல் வெளிச்சம் இன்னும் போகாத நேரத்தில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால்.

அந்த வருஷக் காய்ச்சலில் விட்ட பள்ளிக்கூடத்துக்கு நான் திரும்பவில்லை. ஐந்தாம் வகுப்போடு சரி. ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு ஒரு செல் உயிரைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று கேட்பவர்கள் கேட்கலாம். நான்காவது கூட்டம் என் ரத்தத்தில் குடியிருந்தது. அதைவிடக் கிட்டத்தில் இருந்து யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

அக்கா ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தே வேலைசெய்து ஓய்வு பெற்று, மாத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். குட்டையை மூடிவிட்டார்கள், அதன்மேல் இப்போது கண்டெய்னர்கள் அடுக்கியிருக்கின்றன. மாட்டுவண்டிப் பேட்டையும் வைக்கோலும் போயின. ரயில்பாதையில் மரக்கட்டை போய் சிமெண்டுக் கட்டை வந்துவிட்டது, மஞ்சள் சளிக்கு அங்கே இடமில்லை. கெபிக்கு டைல்ஸ் ஒட்டி, தொட்டியில் பிளாஸ்டிக் பூ வைத்திருக்கிறார்கள், சொட்டுத் தண்ணீர் கிடையாது.

போன மாதம் மழை விட்டதும் கண்டெய்னர் யார்டின் சுவருக்கு வெளியே டயர்த் தடத்தில் தண்ணீர் பச்சையாக நிற்பதைப் பார்த்தேன். அதில் ஒரு கரண்டி எடுத்துவந்து, பழக்கடையில் ஆப்பிள் பெட்டிக்குள் வைக்கும் வைக்கோலைக் கேட்டு வாங்கிக் கொதிக்கவைத்து, பாட்டிலில் போட்டு என் ஜன்னலில் வைத்தேன். சில நாளில் ஆடை கட்டியது. அந்த வாடை வந்தது. நேற்றுப் பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டி, "இன்னாண்ணா வெச்சிக்கீற, கப்பு தாங்கல, பசங்களுக்கு எதனா வந்துடப் போவுது" என்றாள்.

எச்சில் விழுங்கிக்கொண்டேன்.

"வராதும்மா. இது அதில்ல. நாறத்தான் செய்யும்" என்றேன். "உள்ள வா, காட்றேன்."

பாட்டில் ஜன்னலில்தான் இருக்கிறது.